அந்த 'ம்' சம்மதம் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று சாயங்காலம்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பாதிப் பக்கத்தில் அவர் கை நிழல்தான் விழுந்திருக்கும், பொறுத்துக்கொள். நேற்று நீ பேசும்போது நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக அடுப்படியில் நின்றுகொண்டு, நீ சொன்னதற்கெல்லாம் 'ம்', 'ம்' என்று போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் நீ, "சரிம்மா, நீயும் சரின்னுட்ட. திங்கக்கெழம எழுதிக் குடுத்துடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் எப்போதடா சரி என்றேன்? திரும்பக் கூப்பிட்டால் நீ டூட்டிக்குப் போய்விட்டாய், எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நான் போட்ட அந்த 'ம்' சம்மதம் இல்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். சிதம்பரத்தில் உன் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பிரிவில், உனக்கு மூத்தவர் குமரவேல் அண்ணன். காலையில் கார்டைத் தேய்த்து உள்ளே நுழைந்ததிலிருந்து சாயங்காலம் வெளியே போகிற வரைக்கும் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாப்பாடு சரியில்லை, டூட்டி சரியில்லை, வருகிற நோயாளி சரியில்லை. நீ மரியாதைக்கு 'ம்' போட்டுக்கொண்டிருந்தாய். அவர் போய் மேனேஜரிடம், "நான் மட்டுமா சொல்றேன், தம்பியும் இதத்தான் சொல்லுது" என்று உன்னையும் சேர்த்துவிட்டார். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நீ அப்படி எதுவும் சொல்லவில்லை என்றதும், "அப்ப ஒண்ணு பண்ணு. அந்த ஆளால நிம்மதியா வேல பாக்க முடியலன்னு எழுதிக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். நீ எழுதிக் கொடுத்தால் குமரவேல் அண்ணனுக்கு வேலை போய்விடும். அது உனக்கும் தெரியும். தெரிந்துதான், "நான் 'ம்'னுதாம்மா சொன்னேன், அத போயி நானே சொன்னதா சொல்லிட்டாரு பாரு" என்று என்னிடம் அப்படிக் குதித்தாய். குதித்த கையோடு என் 'ம்'மையும் எடுத்துச் சரி என்று போட்டுக்கொண்டாய். அவர் உனக்குச் செய்ததை நீ அதே போனில் எனக்குச் செய்தாய், கவனித்தாயா?

உன்மேல் கோபம் இல்லை, கேலிதான் செய்கிறேன். நீ படுகிற பாடு எனக்குத் தெரியாததில்லை. நாள் முழுக்க ஒருவர் பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டே இருந்தால், வேலை செய்த அலுப்பைவிடக் கேட்ட அலுப்புதான் ஜாஸ்தியாக இருக்கும். ரூமுக்குப் போய்ப் படுத்தாலும் அவர் குரல் காதில் ஓடுகிறது என்றாய். நம்புகிறேன். உன்னைப் பொறுமையில்லாதவன் என்று நான் சொல்லவே மாட்டேன். நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தாய், தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்த்தாய், எல்லாம் செய்துவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறாய்.

நம் வீட்டில் 'ம்' இல்லாமல் பேச்சே ஓடாது. சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும்போது நான் 'ம்' போட மறந்தால் என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பி, "ம் சொல்லும்மா" என்பாய். அப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் அங்கிருந்து பேசும்போது நான் கொஞ்சம் அசந்தால் போதும், "ஹலோ, ஹலோ, லைன் கட்டாயிடுச்சா?" என்று அவர் கத்துவது செம்மண்டலத்தில் நம் தெரு முழுக்கக் கேட்கும். நான் இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல்லு, அவ்வளவுதான் நம் ஊர் 'ம்'முக்கு அர்த்தம். போடுகிறவர் அப்படி நினைத்துத்தான் போடுகிறார். மனக்குறையோடு பேசுகிறவருக்கு மட்டும் அது 'ஆமாம்' என்று கேட்டுவிடுகிறது. எனக்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது.

சரோஜா அத்தையை உனக்கு ஞாபகம் இருக்கும். திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடையில், புடவை செக்‌ஷனில், நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் பக்கத்தில் நின்றவள். அண்ணாகிராமத்திலிருந்து பஸ் மாறி வருவாள். எனக்கு மூத்தவள், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். கைப்பையை மாட்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிடுவாள். "பஸ்ல நிக்கக்கூட எடமில்ல பாப்பா, கண்டக்டரு என்னமோ அவன் தோள்ல தூக்கிக்கினு வர்ற மாதிரி மொறைக்கிறான். இந்த ஃபேனு சுத்துதா, வேடிக்க பாக்குதா? இது டீயா, ஏனம் கழுவுன தண்ணி. எடுக்கறது ஒரு பொடவ, பிரிக்கறது கடை பூரா. காலு வீங்கிப் பூடுது, எவன் கேக்கறான்?" நானும் வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டே 'ம்' போடுவேன். மடிப்புக்கு ஒரு 'ம்' என்று கணக்கு வைத்தால்கூடத் தப்பில்லை.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு நாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "கஸ்டமர் காதுல வுழற மாதிரி, இதெல்லாம் போன வருஷ சரக்குன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களாமே? நீயும் ஆமான்னியாம், சரோஜா சொல்லுது." "நான் ஒண்ணும் பேசல சார். 'ம்'னுதான் சொன்னேன்" என்றேன். "'ம்'னா என்னா? ஆமான்னுதான?" என்றார். திட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், சரோஜா அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி, "அந்த ஆளுக்கு வேற வேல இல்ல பாப்பா" என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இனிமேல் இவளுக்கு 'ம்' கிடையாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

சொன்னபடி செய்தேன். அவள் பேசப் பேச நான் வாயைத் திறக்கவில்லை. "பாப்பா, கேக்கறியா?" என்றாள். புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றாள். அதற்கும் பதில் இல்லை. இரண்டு நாள் அப்படியும் இப்படியும் முயற்சி செய்து பார்த்துவிட்டு, "சரி, வுடு" என்று அவளே நிறுத்திக்கொண்டாள். ஆகா, என்ன நிம்மதி என்று நினைத்தேன். அந்த நிம்மதி அந்த வாரம் தாண்டவில்லை. முதலில் என் கால் வலிக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்ன, அது ரொம்ப நாளாகவே வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததால் நான் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை. அப்புறம் ஃபேன் சுத்தாதது தெரிந்தது. டீயும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடமும், போனில் அப்பாவிடமும் நான் புலம்ப ஆரம்பித்தேன். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "என்னாம்மா, சரோஜா அத்த நம்ம வூட்டுக்கே வந்துட்டாங்களா?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சமயத்தில்தான் அவள் பேரனுக்குக் காது குத்து வந்தது. நான் பேசாமல் இருந்தபோதும், வெற்றிலை பாக்கோடு வந்து, "ஞாயித்துக்கெழம பூசைய முடிச்சிக்கினு புள்ளையோட வந்துடு பாப்பா" என்று கூப்பிட்டாள். எப்படிப் போகாமல் இருப்பது? உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். நீ பலாச்சுளையைக் கணக்குப் பார்க்காமல் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாயே, அந்த நாள்தான். நான் அங்கே சரோஜா அக்காவைத் தேடினேன். அவள் என் எதிரிலேயேதான் நின்றிருக்கிறாள், எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாயே திறக்காத ஒரு பொம்பளை. வீட்டுக்காரர், "எல போட இன்னும் எம்மா நேரம்?" என்று நாலு பேர் முன்னால் அதட்டுகிறார், "தோ, ஆச்சுங்க" என்கிறாள். கொழுந்தனார் குழம்பில் உப்பில்லை என்கிறார், சம்பந்தி வீட்டுக்காரர்கள் பாய் பத்தவில்லை என்கிறார்கள், எல்லாவற்றுக்கும் சிரிக்கிறாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். அந்தக் கால் வீக்கம் அங்கேயும் இருந்திருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பந்தி முடிந்து கை கழுவ நான் கொல்லைப்பக்கம் போனபோது பின்னாலேயே வந்து, மெதுவாக, "இந்தப் பொடவ இடுப்புல நிக்கவே மாட்டேங்குது பாப்பா, நம்ம கட சரக்குதான்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவளுக்குக் குறை சொல்ல உலகத்தில் இருந்தது அந்தப் புடவை செக்‌ஷனும் நானும்தான். நான் அதையும் மூடியிருந்தேன்.

மறுநாள் கடையில் அவள் பஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தபோது, "அக்கா, நில்லு. நான் 'ம்' போட்டா அது ஆமான்னு இல்ல. கேக்கறேன்னு அர்த்தம். என் பேர எங்கயும் சேக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றேன். "அய்ய, நான் எப்ப சேத்தேன்?" என்றாள். விட்டுவிட்டேன். பஸ், டீ, ஃபேன், கால் எல்லாம் சொல்லி முடித்தாள். "சரி, இதுல எதையாவது போயி கேக்கலாமா? எதன்னு நீயே சொல்லு" என்றேன். "எதக் கேக்கறது? நான் சும்மா சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள். ஆனால் சாப்பாட்டு நேரம் வரை அவள் வழக்கத்தைவிடக் கம்மியாகத்தான் பேசினாள். அப்புறம் ஒரு சின்னாளப்பட்டிப் புடவையை மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல், "அந்த ஸ்டூலுதான் பாப்பா. ஆளு இல்லாத நேரத்துல குந்திக்க ஒரு ஸ்டூலு" என்றாள்.

இரண்டு பேருமாகப் போனோம். நாளெல்லாம் வாய் ஓயாதவள், சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றதும் ஒரு வார்த்தை வரவில்லை. நான்தான் பேசினேன். எங்கள் காலைப் பற்றி, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "என்னா சரோஜா, உனுக்கும் இதானா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு 'ம்' என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஸ்டூல் உடனே வரவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. வந்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. முதலில் அக்காவை உட்கார வைத்தேன். உட்கார்ந்த உடனே என்ன சொன்னாள் தெரியுமா? "ஆடுது பாரு பாப்பா. இதுல குந்தி எழுந்தா இடுப்பு பூடும்."

அவள் மாறினாள் என்று நான் உனக்குக் கதை சொல்ல மாட்டேன். நான் கடையை விட்டு நிற்கிற நாள் வரைக்கும் அவள் அப்படியேதான் இருந்தாள். நான்தான் கொஞ்சம் பழகிக்கொண்டேன். டீ குடிக்கிற நேரம் மட்டும் என் நேரம், அப்போது கீழே தனியாகப் போய்விடுவேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். உர்ரென்று இருந்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள். ஒரு ஆளைத் திட்ட ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அவள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் நான் வழி கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. 'அப்படிப் பண்ணிப் பாருக்கா, இப்படிப் பண்ணிப் பாருக்கா' என்று நான் சொன்னால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வரும். கேட்டால் போதும். சில நாள் கேட்கவும் முடியாது, அப்போது "இன்னிக்கு எனக்கு முடியலக்கா" என்று சொல்லிவிடலாம். நீயும் குமரவேல் அண்ணனிடம் அப்படிச் சொல்லிப் பார்க்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொள்வதைவிட அதில் மரியாதை இருக்கிறது. உன் பெயரைச் சேர்த்ததற்கு அவரிடம் நேராகவே கோபப்படு, அது உன் நியாயம், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் இந்த வயதில் அவரை வேறு எந்த ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசி. அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நேற்று கேட்டேன். "தெர்லம்மா" என்றாய்.

இதோடு நிறுத்தியிருப்பேன். எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நேற்று நீ அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாய். "கேன்டீன் சாம்பார்ல பருப்ப பூதக்கண்ணாடி வச்சி தேடணும். டூட்டி போடறவனுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சு. ஏசி மெஷினுக்குத்தான், மனுசனுக்கு இல்ல. ஏப்ரன்ல விரிசல் வுட்டுப் போச்சு, எத்தினி தடவ சொல்றது, அத போட்டுக்கறதும் ஒண்ணு, போட்டுக்காததும் ஒண்ணு." அச்சு அசலாகச் செய்தாய். சாம்பாருக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்போடு ஏப்ரனுக்கும் சிரித்துவிட்டேன். நீ வைத்த பிறகு, அப்பாவுக்குத் தட்டை வைத்துவிட்டுச் சாதம் போடும்போதுதான் அது எனக்கு உறைத்தது. கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஏப்ரனைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான். படிக்கும்போது லீவுக்கு வந்து, ஈயம் வைத்தது, அவ்வளவு கனம் இருக்கும், வார்டுக்கு மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையிலேயே படம் எடுக்கும்போது கதிர் நம் உடம்பில் படாமல் அதுதான் தடுக்கும் என்றாய். அதை மடிக்கவே கூடாது, மடித்தால் உள்ளே வெடித்துவிடும், தொங்கத்தான் விட வேண்டும் என்றாய். காலமெல்லாம் மடித்தே பிழைத்தவள் நான், மடிக்கக் கூடாத துணி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று வாயைப் பிளந்தேன். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஏப்ரனையே எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும் என்றும் அன்றைக்குச் சொன்னாய். இப்போது நான் கேட்கிறேன். அந்த ஏப்ரனை அவர் மட்டும்தான் போட்டுக்கொள்கிறாரா? அவர் டூட்டி முடிந்து கழற்றி வைத்தால் அடுத்தது யார் எடுத்து மாட்டிக்கொள்வது? எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. மறைக்க ஒன்றுமில்லை, பயமாகத்தான் இருக்கிறது. அவர் சொன்ன நூறில் தொண்ணூற்றொன்பது வெறும் புலம்பலாகவே இருக்கட்டும். இந்த ஒன்று உன் உடம்பைப் பற்றியது. அதை நான் எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் உனக்குக் கேட்கவில்லை.

அவர் சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. பார்க்கத் தெரிந்தவன் நீ. நாளைக்குப் போனதும், வேறு எதற்கும் முன்னால், குமரவேல் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஏப்ரனை விரித்துப் போட்டு ஒரு படம் எடு. விரிசல் இல்லை என்றால், "இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு" என்று அவரிடம் காட்டு. ஒரு புலம்பலாவது குறையும். விரிசல் இருந்தால் மேனேஜருக்குப் பிடிக்காததைச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் உனக்கு ஏதாவது ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, பஸ் ஆலப்பாக்கம் தாண்டினால் வீடு. சோற்றுக்குக் குறைவில்லை. ஏன் விட்டாய் என்று நானும் அப்பாவும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

மேனேஜர் எழுதித்தானே கேட்டிருக்கிறார்? எழுதிக் கொடு. விரிசல் இருந்தால் ஏப்ரனைப் பற்றி எழுது. படத்தையும் சேர்த்து வை. அடியில் குமரவேல் அண்ணன் முதலில் கையெழுத்துப் போடட்டும். பக்கத்திலேயே நீயும் போடு.

இப்படிக்கு,
அம்மா